பத்தாம் வகுப்பில் 97, பி.யு.சி.யில் 94: அமெரிக்கப் பல்கலைக்கழகம் கிடைக்குமா?

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் கும்பகோணம். இருப்பது பெங்களூர் ராமமூர்த்தி நகர். மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, அந்த ஆண்டு அக்டோபரில், வேலை மாற்றலில் சென்னையிலிருந்து இங்கே வந்தோம். ஒன்பதாம் வகுப்பில் 88 சதவீதம். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் 97.4. அதன்பின் ஜே.இ.இ. கோச்சிங்கும் சேர்த்தே நடத்தும் ஒரு பி.யு. கல்லூரியில் போட்டோம், முதல் பி.யு.சி.யில் (பதினோராம் வகுப்பு) 94. கணிதம் என்றால் உயிர். கணித ஒலிம்பியாட்டின் முதல் தேர்வான ஐ.ஓ.க்யூ.எம். தேறி, வட்டாரச் சுற்றான ஆர்.எம்.ஓ. வரை போனாள், தேசியச் சுற்றுக்குத் தேர்வாகவில்லை. சனிக்கிழமைகளில் அல்சூரில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்ட், பிரின்ஸ்டன், பெர்க்லி என்று பன்னிரண்டு பெயர் எழுதி வைத்திருக்கிறாள். என் வருமானம் ஆண்டுக்கு 26 லட்சம், வீட்டுக் கடன் இருக்கிறது. படிப்புக்கு ஆண்டுக்கு 8 லட்சம் வரை தரமுடியும். ஒரு கன்சல்டன்ட் ஆறு லட்சம் கேட்கிறார், பெரிய இடம் ஒன்றாவது உறுதி என்கிறார். உண்மையில் இவளுக்கு வாய்ப்பு எத்தனை சதவீதம்? பன்னிரண்டு இடத்தில் போட்டால் ஒன்றாவது கிடைக்காதா?

பதில்: ஐயா, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் மகளே அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவாள். ஒவ்வொரு இடத்திலும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டும் கைவிடும் வாய்ப்பு 0.97-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது, சுமார் 0.69. அப்படியானால் ஒன்றாவது கிடைப்பது நூற்றுக்கு 31. இந்த 31-கூட, பன்னிரண்டு முடிவுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால்தான். அவை அப்படி இல்லை. ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் சப்பென்று இருந்தால் பன்னிரண்டு இடத்திலும் அதே கடிதம்தான் போகும். பண உதவி கேட்பது ஓரிடத்தில் தடையானால், அதே கொள்கை உள்ள மற்ற எல்லா இடத்திலும் தடையாகும். எனவே பெயர்களைக் கூட்டுவதால் மட்டும் வாய்ப்பு அவ்வளவாகக் கூடிவிடாது. எந்தப் பெயர்கள் என்பதைச் சரியாகப் பொறுக்கினால் கூடும்.

அந்த மூன்று சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் சேர்ந்த வகுப்புக்கு ஹார்வர்டில் மனுப்போட்டவர்கள் 54,000-க்கு மேல். இடம் கிடைத்தவர்கள் 1,937. நூற்றுக்கு நாலுகூட இல்லை. மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் வெளிநாட்டு மாணவர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் இது கூட்டத்தின் சராசரி, உங்கள் மகளுடையது அல்ல. அவளுடையது இதற்கு மேலேயா கீழேயா என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: பணம், கல்லூரி அனுப்பும் காகிதங்கள், மதிப்பெண்ணுக்கு வெளியே அவள் செய்த கணிதம். நீங்கள் கடிதத்தில் முதலில் எழுதிய சதவீதங்கள் இந்த மூன்றுக்கும் பிறகுதான் வருகின்றன. 97-ம் 94-ம் அவள் கோப்பைத் திறக்க வைக்கும். திறந்த பிறகு அவற்றுக்கு அதிக வேலை இல்லை, ஏனென்றால் இந்தியாவிலிருந்து போகும் கோப்புகளில் பெரும்பாலானவை அந்த மதிப்பெண்ணோடுதான் வருகின்றன. ஒன்பதாம் வகுப்பின் 88 பற்றி உங்களுக்குக் கவலை இருக்கலாம். அது மறைக்க முடியாது, அங்கே ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டும் கேட்பார்கள். மறைக்கத் தேவையும் இல்லை. 88, 97, 94 என்ற வரிசை யாரையும் துணுக்குற வைக்காது. இரண்டாம் பி.யு.சி.யின் இடைப்பருவத் தேர்வில் 85-க்கு இறங்கினால்தான் வம்பு.

இனி பணம். உங்கள் விஷயத்தில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது, கன்சல்டன்ட் இதைப் பற்றி வாய் திறந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

இந்தப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 90,000 டாலர், நம் பணத்தில் 75 லட்சத்துக்கு மேல். நீங்கள் தரக்கூடியது 8 லட்சம். மீதி முழுவதும் அவர்கள் தரவேண்டும். வெளிநாட்டு மாணவர் இப்படிக் கேட்கும்போது பல்கலைக்கழகங்கள் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. சிலவற்றில், இடம் தருவதா இல்லையா என்று முடிவெடுக்கும்போது குடும்பத்தின் பணநிலையைப் பார்ப்பதே இல்லை. இடம் கொடுத்தபின் தேவையை முழுதாக ஈடுகட்டிவிடுகிறார்கள். இதை ‘நீட் பிளைண்ட்’ என்கிறார்கள் (நம் மருத்துவ நீட் தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன் போன்றவை இந்த வகை. இரண்டாவது வகை, ‘நீட் அவேர்’. இடம் கொடுத்தால் முழு உதவியும் தருவார்கள், ஆனால் உதவி கேட்டிருக்கிறார் என்பதையும் முடிவில் சேர்த்துக்கொள்வார்கள். ஸ்டான்ஃபோர்ட் இப்படித்தான். ஒரே தரத்தில் இரண்டு கோப்பு இருந்து, ஒன்று நாலு ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலர் கேட்பதாக இருந்தால் எது நகரும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே இன்னொரு சிக்கல்: மனுப்போடும்போது உதவி கேட்காமல், சேர்ந்தபிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் வெளிநாட்டு மாணவருக்கு அந்தக் கதவு திறக்காது. மூன்றாவது வகை, வெளிநாட்டு மாணவருக்குத் தேவை அடிப்படையில் உதவியே தராதவை. பெர்க்லி உட்பட கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் இதில் சேரும். அங்கே இடம் கிடைத்தாலும் உங்களால் அனுப்ப முடியாது. அந்த மனுவுக்கு அவள் தனியாக நான்கு கட்டுரை எழுதவேண்டும், ஒவ்வொன்றும் 350 சொல் வரை. அந்த உழைப்பை வேறிடத்தில் போடலாம்.

எனவே பட்டியலை ஏழுக்குக் குறையுங்கள். எம்.ஐ.டி., பிரின்ஸ்டன், இன்னும் ஹார்வர்டு அல்லது யேல், அதன்பின் ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத். மீதி இரண்டு இடத்தில் வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர் ஆகிய இரண்டையும் பார்க்கச் சொல்வேன். நம் வீடுகளில் இந்தப் பெயர்களை யாரும் சொல்வதில்லை. பெரும்பாலும் இளங்கலையே நடத்தும் சிறு கல்லூரிகள், கணிதத் துறை வலுவானது, வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத்தான் மாணவர்கள். இரண்டுமே நீட் அவேர்தான், ஆனாலும் எடுத்துக்கொண்டால் முழுத் தேவையையும் தருகிறார்கள். எம்.ஐ.டி.யை அவள் எழுதட்டும்; கிடைத்தால் உண்டு என்ற மனநிலையில் எழுதட்டும். இந்தியாவிலிருந்து அங்கே போட்டிபோடும் கோப்புகளில் தேசிய ஒலிம்பியாட் பயிற்சி முகாம் வரை போனவர்கள் இருப்பார்கள். ஆர்.எம்.ஓ.வோடு நின்றவர்களுக்கு இடமே இல்லை என்று அர்த்தம் இல்லை, ஆனால் மற்ற பக்கம் கனமாக இருக்கவேண்டும்.

உதவி மனு தனி வேலை. சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற படிவத்தில் வருமானம், கடன், சொத்து எல்லாம் கேட்பார்கள்; வருமானவரிக் கணக்கும் ஃபார்ம் 16-ம் இணைக்கவேண்டும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. கும்பகோணத்தில் மனையோ நிலமோ உங்கள் பேரில் இருந்தால் எழுதிவிடுங்கள். ‘பூர்வீகச் சொத்து, அதைப் போய்ச் சொல்வானேன்’ என்று விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பின்னால் வேறொரு காகிதத்தில் அது தலைகாட்டினால் உதவி மட்டுமல்ல, சேர்க்கையே கேள்விக்குள்ளாகும். பங்காளிகளோடு பிரிக்காத சொத்து என்றால் உங்கள் பங்கு எவ்வளவு, விற்க முடியாத நிலை ஏன் என்று விளக்கம் எழுத இடம் இருக்கிறது. சேர்க்கை மனுவுக்கு ஒரு கடைசித் தேதி, உதவி மனுவுக்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது பி.யு. கல்லூரி. கர்நாடகத்தில் பத்தாவதோடு பள்ளி மாறும் பிள்ளைகளுக்கு வரும் தொல்லை இது. அமெரிக்க மனுவில் மாணவி எழுதுவது பாதி. மீதிப் பாதியைக் கல்லூரி அனுப்பவேண்டும். கவுன்சிலர் என்ற பெயரில் ஒருவர் பதிந்து, பள்ளி அறிக்கை, நான்கு ஆண்டு மதிப்பெண், கல்லூரியைப் பற்றிய விவரக் குறிப்பு, நடுவாண்டு அறிக்கை ஆகியவற்றை ஏற்றவேண்டும். ஜே.இ.இ.க்கும் கர்நாடக நுழைவுத்தேர்வான சி.இ.டி.க்கும் பிள்ளைகளைத் தயார் செய்யும் கல்லூரியில் இதை முன்பின் பார்த்தவர்கள் இருக்கமாட்டார்கள். அது அவர்கள் குற்றமில்லை. அதனால் நீங்கள்தான் எடுத்துக்கொண்டு போகவேண்டும், ஜூன் மாதமே.

துணை முதல்வரோ மூத்த விரிவுரையாளரோ, யார் நிதானமாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதக்கூடியவரோ, அவரைக் கவுன்சிலராக இருக்கச் சொல்லிக் கேளுங்கள். கல்லூரிக்கு அதிகாரபூர்வ மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். சொந்த ஜிமெயிலிலிருந்து வரும் பரிந்துரைக்குச் சந்தேகம் எழுவதுண்டு. ஒன்பதாவது, பத்தாவது மதிப்பெண் பழைய சி.பி.எஸ்.இ. பள்ளியின் கையில் இருக்கிறது. பத்தாவதுக்கு வாரியத்தின் மதிப்பெண் பட்டியல் போதும், ஆனால் ஒன்பதாவதுக்குப் பள்ளியின் லெட்டர்ஹெட்டில் பாடவாரியாக எழுதி முத்திரையிட்ட தாள் வேண்டும். டி.சி. வாங்கிப் போன பிள்ளைக்கு இதை எடுத்துத்தர அலுவலகத்தில் வாரக்கணக்கில் அலைய வைப்பார்கள். ஜூன் கூட்டம் ஓய்ந்தபிறகு, ஜூலை முதல் வாரத்தில் போய்க் கேளுங்கள்.

விவரக் குறிப்பு என்றேனே, அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 94 என்றால் என்ன என்பதை அங்கே படிப்பவருக்குச் சொல்வது அந்த ஒரு பக்கம்தான். அதில் வரவேண்டியவை: இரண்டு மொழி, நான்கு விருப்பப் பாடம், மொத்தம் 600 மதிப்பெண். முதல் ஆண்டில் எத்தனை பேர் எழுதினார்கள், 90-க்கு மேல் எத்தனை பேர், மாணவர் பாடத்தைத் தாமாகத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எவ்வளவு, காலை எத்தனை மணிமுதல் மாலை எத்தனை மணிவரை வகுப்பு. இதெல்லாம் இருந்தால்தான் ‘இந்தப் பெண்ணுக்கு ஏன் நடனம், விவாதம், நீச்சல் எதுவும் இல்லை’ என்ற கேள்வி எழாது. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வகுப்பில் இருக்கும் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க முடியாது என்று அவர்களுக்கே புரியும்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு ஆசிரியர்களிடம் வாங்கவேண்டும். எம்.ஐ.டி. ஒன்று கணிதம் அல்லது அறிவியலிலும், மற்றொன்று மொழி அல்லது சமூக அறிவியல் பாடத்திலும் கேட்கிறது. பி.யு.வில் இரண்டாவதுதான் சங்கடம். எண்பது பேர் உட்காரும் பிரிவில் ஆங்கில விரிவுரையாளருக்கு அவள் பெயரே தெரியாமல் இருக்கலாம். ஜூனிலிருந்து அவள் எழுதும் கட்டுரைகளைக் கொண்டுபோய்க் காட்டித் திருத்தம் கேட்கட்டும். அக்டோபருக்குள் அவருக்கு எழுத நாலு விஷயம் சேர்ந்துவிடும். ஆசிரியர்கள் எழுதத் தெரியாமல் ‘ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கடிதத்தால் பயன் எதுவும் இல்லை. இதைத் தவிர்க்க, மகள் ஒரு தாளில் குறிப்பு எழுதி ஆசிரியரிடம் தரலாம். கடிதத்தை அவளே எழுதித் தருவது அல்ல, நினைவூட்டும் குறிப்பு. உதாரணமாக, ஆன்டு ஃபங்ஷன்களின் (மேல் சார்புகள்) எண்ணிக்கையை எல்லாரும் சூத்திரமாக மனப்பாடம் செய்த வகுப்பில், அவள் கரும்பலகையில் சேர்த்தல் விலக்கல் முறையால் அதைத் தருவித்துக் காட்டினாள் என்றால், எந்த மாதம், எந்தக் கணக்கு, சார் என்ன கேட்டார், அவள் என்ன பதில் சொன்னாள் என்று நாலு வரி. ஆசிரியர் அதைத் தன் சொல்லில் எழுதினால் கடிதத்துக்கு உயிர் வந்துவிடும். கடிதத்தைப் பின்னால் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் செய்யச் சொல்லுங்கள். விட்டுக்கொடுக்காத கடிதத்தை அவர்கள் அரைமனதோடுதான் படிப்பார்கள்.

தேதிக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். முன்கூட்டியே போடும் மனுக்களுக்கு நவம்பர் 1 கடைசி நாள். நமக்கு அன்று கன்னட ராஜ்யோத்சவம், அரசு விடுமுறை. அதற்கு முன் தசரா விடுமுறை, சில ஆண்டுகளில் அதை ஒட்டியே தீபாவளி. அக்டோபரில் கல்லூரி அலுவலகம் திறந்திருக்கும் நாட்கள் சொற்பம். எனவே கல்லூரியின் காகிதங்களுக்கு நீங்கள் வைத்துக்கொள்ளவேண்டிய கடைசி நாள் செப்டம்பர் 20. ஆசிரியருக்குப் போகும் இணைப்பு ஸ்பாம் பெட்டியில் விழுந்து கிடப்பது அடிக்கடி நடக்கும். நேரில் உட்கார்ந்து திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். இன்னொன்று: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றிலும் முன்கூட்டிய மனுவுக்குக் கட்டுப்பாடு உண்டு. அவற்றில் ஒன்றுக்கு அப்படிப் போட்டால் எம்.ஐ.டி.க்கு முன்கூட்டிப் போட முடியாது. உங்கள் மகளின் கோப்பு நவம்பருக்குள் முழுதாகத் தயாரானால் எம்.ஐ.டி.க்கு முன்கூட்டிப் போடலாம். தயாராகாவிட்டால் எல்லாவற்றையும் ஜனவரிச் சுற்றுக்கு வையுங்கள். எம்.ஐ.டி.யில் முன்கூட்டிப் போடுவதால் தனிச் சலுகை இல்லை. அரைகுறையாகப் போட்டால் நஷ்டம்தான்.

அவளுடைய கணிதத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் மறுபடி ஐ.ஓ.க்யூ.எம். எழுதட்டும். நவம்பரில் ஆர்.எம்.ஓ., ஜனவரியில் தேசியச் சுற்றான ஐ.என்.எம்.ஓ. மனு போனபிறகு வரும் முடிவுகள் வீண் என்று நினைக்கவேண்டாம், பிப்ரவரியில் எம்.ஐ.டி. ஒரு கூடுதல் தகவல் படிவம் கேட்கும், மற்ற இடங்களுக்கும் தகவல் அனுப்பலாம். ஐ.என்.எம்.ஓ. வரை போனால் கோப்பின் எடையே மாறிவிடும்.

ஆனால் என்னைக் கவர்ந்தது நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன அல்சூர் வகுப்பு. பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் மனுவில் பத்து நடவடிக்கைகள் எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் விளக்கம் ஆங்கிலத்தில் 150 எழுத்துக்குள். பெரும்பாலான பிள்ளைகள் இப்படி எழுதுகிறார்கள்: ‘சமூக சேவையில் ஆர்வம் கொண்டு வசதி குறைந்த குழந்தைகளுக்குக் கணிதம் கற்பித்தேன், தலைமைப்பண்பை வளர்த்துக்கொண்டேன்.’ இதில் ஒரு தகவல்கூட இல்லை. அதே இடத்தில் இப்படி இருந்தால்? ‘6, 7-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 9 பேர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். பின்னத்துக்கு இரு மொழிப் பயிற்சித்தாள் 22 தயாரித்தேன்.’ பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை சனிக்கிழமை, எந்தக் கணக்கில் தடுக்கி விழுந்தார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும். என் எண்கள் மாதிரிக்கு. வீட்டில் ‘பின்னம்’, பள்ளியில் ‘பின்னராசி’, பாடப்புத்தகம் மாறினால் ‘ஃப்ராக்ஷன்’ என்று மூன்று சொல்லுக்கு நடுவே ஒரு பிள்ளை மாட்டிக்கொள்வது பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய பிரச்சினை. அதைப் பார்த்து அவள் ஏதாவது செய்திருந்தால், 650 சொல்லுக்குள் எழுதவேண்டிய பெரிய கட்டுரைக்கும் அதுவே பொருள். இன்னும் எதுவும் செய்யவில்லை என்றால் இந்தக் கோடையில் செய்யட்டும், மனுவுக்காக அல்ல, அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை என்பதால்.

அமெரிக்கச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு பற்றிச் சுருக்கமாக. ஆகஸ்டில் ஒரு முறை, தேவையானால் அக்டோபரில் மறுமுறை, அதற்கு மேல் வேண்டாம். 134 நிமிடம், கணினியில். கணிதத்தில் 44 கேள்வி, ஆங்கிலத்தில் 54. இரண்டிலும் முதல் பகுதியை எப்படிச் செய்கிறாளோ அதைப் பொறுத்தே இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். முதல் பகுதியில் கவனக்குறைவாக நிறைய விட்டால் பிறகு எவ்வளவு செய்தாலும் உச்சத்துக்கு ஏற முடியாது. கணிதத்தில் அவள் 800-ஐ ஒட்டி வரவேண்டும், வருவாள். ஆங்கிலத்தில்தான் கோச்சிங் பிள்ளைகள் 650, 680-இல் நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் இரண்டு ஆண்டாகச் சூத்திரம் தவிர வேறு எதையும் படித்திருக்கமாட்டார்கள். 740-ஐத் தாண்டவேண்டும். தினமும் முக்கால் மணி நேரம், அறிவியலும் வரலாறும் கலந்து நீண்ட ஆங்கிலக் கட்டுரைகளைப் படிக்கட்டும். மே மாதமே தொடங்கினால் ஆகஸ்டுக்குள் வித்தியாசம் தெரியும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஓரெழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். நம் பெயர்களில் இனிஷியல் விரிவது, அப்பா பெயர் பின்னால் போவது என்று குழப்பம் வருவது வாடிக்கை; பத்தாம் வகுப்புச் சான்றிதழோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கன்சல்டன்டுக்கு அந்த ஆறு லட்சத்தைத் தராதீர்கள். சேர்க்கை உறுதி என்று சொல்ல இந்தப் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே எவராலும் முடியாது. அந்தப் பணத்துக்கு என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். காசு கொடுத்தால் வெளியிடும் இதழில் ‘ஆராய்ச்சிக் கட்டுரை’, பெயருக்கு ஒரு தொண்டு நிறுவனம், அவர்களே எழுதிய கட்டுரைகள், ஆசிரியர் பெயரில் அவர்களே எழுதும் பரிந்துரை என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மனுவின் கடைசியில் எல்லாம் என் சொந்தம், எல்லாம் உண்மை என்று உங்கள் மகள்தான் கையொப்பம் இடுகிறாள். பொய் பிறகு தெரிந்தால், கிடைத்த இடத்தை ரத்து செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பாரத்தைப் பதினேழு வயதுப் பெண் சுமக்கவேண்டுமா? மனுக் கட்டணம் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 60 முதல் 90 டாலர் வரை. அது சுமை என்றால் கவுன்சிலர் மூலம் விலக்குக் கேட்கலாம்.

இப்போது, நீங்கள் கேட்காத ஒன்று. கணிதத்தில் உயிரை வைத்திருக்கும் பெண்ணுக்கு வீட்டிலிருந்து மெட்ரோ தூரத்திலேயே இந்தியாவின் மிகச் சிறந்த இடங்களில் இரண்டு இருக்கின்றன. முதலாவது, மைசூர் ரோட்டில் ஐ.எஸ்.ஐ. (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) நடத்தும் கணித இளங்கலைப் படிப்பு பி.மேத். கல்விக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகை உண்டு. மே மாத நுழைவுத்தேர்வில் காலையில் 30 கொள்குறி வினா, பிற்பகலில் நிரூபணத்தோடு எழுதும் 8 கணக்கு, அதன்பின் நேர்காணல். பிற்பகல் தாள்தான் தேர்வு, ஆர்.எம்.ஓ.வுக்குத் தயாரான பிள்ளைக்கு அது பழகிய களம், கோச்சிங் மட்டும் படித்த பிள்ளைக்குப் புதிது. இரண்டாவது, ஐ.ஐ.எஸ்ஸி.யில் (இந்திய அறிவியல் நிறுவனம்) கணிதமும் கணினியியலும் சேர்ந்த பி.டெக்., 2022-இல் தொடங்கியது. அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசை வேண்டும். ஆனால் ஐ.ஐ.டி. இடங்களுக்கான ஜோசா கலந்தாய்வில் ஐ.ஐ.எஸ்ஸி. வராது, அவர்கள் தளத்தில் தனியாக மனுப்போடவேண்டும். இது தெரியாமல் தேதியைக் கோட்டை விடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். மூன்றாவதாகச் சென்னை சிறுசேரியில் சி.எம்.ஐ. என்ற கணித நிறுவனம்; அங்கும் மே மாதம் எழுத்துத் தேர்வு. இவற்றை ‘அமெரிக்கா கிடைக்காவிட்டால்’ என்ற வரிசையில் வைக்காதீர்கள். ஆம்ஹர்ஸ்டும் ஐ.எஸ்.ஐ.யும் இரண்டும் கிடைத்தால் எதை எடுப்பது என்பது நியாயமாகவே கடினமான கேள்வி. கணிதம் மட்டும்தான் என்றால் நான் மைசூர் ரோட்டைத்தான் சொல்வேன். வேறு பாடங்களையும் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று அவள் நினைத்தால் ஆம்ஹர்ஸ்ட்.

ஒலிம்பியாட் வழியே ஐ.ஐ.டி.க்கும் இப்போது வாசல் திறந்திருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2025-26-இல் இருந்து ஸ்கோப் என்ற பெயரிலும், கான்பூரும் அதே ஆண்டிலிருந்தும் ஒலிம்பியாட் மாணவர்களைத் தனியாக எடுக்கின்றன. இதற்கு ஆர்.எம்.ஓ. போதாது. செப்டம்பர் தேர்வை ஊன்றி எழுத இது இன்னொரு காரணம்.

கடைசியாக உங்கள் கடிதத்தில் இருந்த ‘அக்டோபரில் வந்தோம்’ என்ற சொல். கர்நாடக சி.இ.டி.யில் அரசு இடத்துக்கு மாணவி இந்த மாநிலத்தில் ஏழு முழுக் கல்வியாண்டு படித்திருக்கவேண்டும். ஆறிலிருந்து இரண்டாம் பி.யு.சி. வரை எண்ணினால் ஏழு வரும். ஆனால் ஆறாம் வகுப்பு அக்டோபரில் தொடங்கியதால் அது முழு ஆண்டாகாது, ஆறுதான் மிஞ்சும். தகுதிக்கு வேறு பிரிவுகளும் உண்டு. பெற்றோரின் படிப்பு, வேலை ஆகியவற்றை வைத்து வருபவை. சி.இ.டி.யை நடத்தும் கே.இ.ஏ.யின் தகவல் கையேட்டில் உங்களுக்குப் பொருந்துவது எதுவும் இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். படிப்புச் சான்றிதழில் வட்டாரக் கல்வி அலுவலர் மேலொப்பம் வேண்டும், அதற்கும் அலைச்சல் உண்டு. பொருந்தாவிட்டால், கர்நாடகத் தனியார் கல்லூரிகளுக்கான காமெட்-கே தேர்வு எல்லா மாநிலத்தவருக்கும் திறந்தது. அதைவிட உங்களுக்கு நல்ல வழி தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு. தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டு வெளிமாநிலத்தில் படித்தவர்கள் இருப்பிடச் சான்றிதழோடு (நேட்டிவிட்டி) அதில் போடலாம். நுழைவுத்தேர்வு கிடையாது, பன்னிரண்டாவதில் கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். கிண்டிப் பொறியியல் கல்லூரி வரை அதில்தான் போகிறார்கள். ஆகவே ஜே.இ.இ. ஓட்டத்தில் இரண்டாம் பி.யு.சி. பொதுத்தேர்வை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. இருப்பிடச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் கும்பகோணம் தாசில்தார் அலுவலகம் வழியாக வரவேண்டும், ஆன்லைனில் போட்டாலும் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துக் கையொப்பமிடுவார். மே விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பழைய ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, உங்கள் டி.சி. மூன்றையும் கையோடு எடுத்துப்போய் மனுவைப் போட்டுவிட்டு வாருங்கள்.